மீன் கடை ஐஸ்

இந்தக் காலத்தில் கேள்வி கேட்பதற்கு நாலு பேர் இருக்கிறார்கள், சொல்கிற பதிலைக் காதில் வாங்கத்தான் ஒருத்தரும் இல்லை. அந்த ஆஸ்பத்திரிக்குள் காலை வைத்ததிலிருந்து குப்புராஜுக்கு இதுதான் எரிச்சல். வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டாள். மேலே வார்டில் ஒரு நர்ஸ் கேட்டாள். டூட்டி மாறி வந்த இன்னொரு நர்ஸ் அதையே திரும்பக் கேட்டாள். பேர் என்ன, வயசு என்ன, சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, எந்த மாத்திரையாவது ஒத்துக்கொள்ளாதா. ஒருத்தியாவது நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாளா? கம்ப்யூட்டரைப் பார்த்தே கேட்டார்கள், கம்ப்யூட்டரைப் பார்த்தே தலையாட்டினார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவி முனகிக்கொண்டு கிடந்தாள். அவளைப் பார்க்க வந்த மகனோ மருமகனோ காலை ஆட்டிக்கொண்டு போனில் குத்துப்பாட்டைப் போட்டு அலறவிட்டான். சொந்தக்காரர்கள் வந்தார்கள், கட்டிலைச் சுற்றி நின்று போட்டோ பிடித்தார்கள், போய்விட்டார்கள். கிழவிக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை.

"பாட்ட நிறுத்துடா, சோமாறி. ஆஸ்பத்திரியா கல்யாண மண்டபமா இது?" என்று குப்புராஜ் கத்தியதில், அவன் போனைத் தூக்கிக்கொண்டு வராண்டாவுக்குப் போய் அங்கே இன்னும் சத்தமாக வைத்துக்கொண்டான்.

"வுடு நைனா," என்றான் கட்டிலில் படுத்திருந்த மகன் ஜெகன். வலது தோளிலிருந்து முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தார்கள். "எத்தினி பேரு எத்தினி கேள்வி கேக்கறாங்க பாரு. பொண்ணு ஊட்டுக்காரங்ககூட என்னப் பத்தி இவ்ளோ விசாரிச்சது கெடையாது."

"விசாரிச்சிட்டுத்தாண்டா ஓடிட்டாங்க," என்றாள் அவனுடைய அக்கா குணசுந்தரி. திருநின்றவூரில் வாழ்க்கைப்பட்டவள். தம்பிக்கு அடி என்றதும் ரயில் மாறி ரயில் ஏறி வந்திருந்தாள்.

"சிரிக்க வெக்காதக்கா. தோளு தெறிக்குது."

ஜெகனுக்குச் சிப்காட்டில் கம்பி ஆலையில் வேலை. கிரேனில் தூக்கிய கம்பிக் கட்டு ஒரு பக்கம் சாய்ந்து தோளில் இடித்துவிட்டது. எலும்பு இரண்டு இடத்தில் போய்விட்டது, பிளேட் வைத்துத்தான் சேர்க்கவேண்டும், அதற்கு முழு மயக்கம் கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். குப்புராஜும் அந்தப் பக்கத்து ஆலைகளில் உலை முன்னால் நின்று வெந்தவர்தான். மனைவி போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. வீட்டில் அவரும் ஜெகனும்தான். முப்பதைத் தாண்டியும் ஜெகனுக்குப் பெண் அமையவில்லை. அதனால் இந்த ஆடியில் பெரியபாளையத்தம்மனுக்கு அவர் வேண்டிக்கொண்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை மகன் வேப்பிலையை உடுத்திக்கொண்டு கோயிலைச் சுற்றவேண்டும். அதற்கு மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டியிருந்தார். ஜெகனின் இடது மணிக்கட்டில் அந்தக் கயிறு அழுக்கேறிக் கிடந்தது. வேண்டுதலை முடிக்கிறவரை அதை அவிழ்க்கக்கூடாது.

குணசுந்தரி நாஷ்டா வாங்கக் கீழே போன நேரத்தில்தான் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வந்தாள். ஷைனி என்று பேர். சின்ன வயசுதான். அவள் மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசினாள். முகம் பார்க்காதவர்கள்மேல் எரிச்சல்பட்ட குப்புராஜுக்கு, முகம் பார்த்தவள்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு தன்மையாகப் பேசுகிறாள் என்றால் என்னவோ இருக்கிறது.

அவள் ஜெகனை வாயைத் திறக்கச் சொன்னாள், கழுத்தைத் திருப்பச் சொன்னாள், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது மயக்கம் குடுத்து ஆபரேஷன் பண்ணியிருக்கா?"

"இல்ல மேடம். இதான் மொதோ போணி."

"குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்து குடுத்தப்போ பிரச்சனை ஆச்சா? அப்பா, அம்மா, சித்தப்பா, பெரியப்பா, அத்தை... ரத்த சொந்தத்துல யாராவது?"

ஜெகன் அப்பாவைப் பார்த்தான்.

"அதெல்லாம் ஒன்னும் கெடையாது," என்றார் குப்புராஜ்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க ஐயா. அதுக்காகத்தான் கேக்கறேன்."

"இன்னா யோசிக்கறது? கெடையாதுன்னா கெடையாது. இல்லாதத உண்டுன்னு சொல்லுவாங்களா?"

சொல்லும்போதே தம்பி சந்திரமோகனின் முகம் ஒரு தரம் வந்து போனது. குப்புராஜ் அதைத் தள்ளிவிட்டார். அது வேறு. ஜெகன் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. சந்திரமோகனுக்குக் குடல் இறக்கம். திருவள்ளூரில் ஒரு டாக்டரிடம் ஆபரேஷனுக்குப் போனான். அதுவும் ஆடி மாசம்தான், அவன் கையிலும் காப்பு இருந்தது. காலையில் உள்ளே நடந்து போனவனை மத்தியானம் வேனில் போட்டுக் கொடுத்தார்கள். செத்தபிறகும் உடம்பு அடுப்புக் கல் மாதிரி கொதித்தது. கை கால் விறைத்து மடங்க மறுத்தது. டாக்டர் கையை விரித்தார். ஊரில் பெரியவர்கள் தொட்டுப் பார்த்தார்கள், இது ஜுரம் இல்லை, பெரியபாளையத்தம்மா இறங்கிக் கூட்டிக்கொண்டாள் என்றார்கள். அப்படிப் போனவனுக்கு வாய்விட்டு அழக்கூடாது. எரிக்கக்கூடாது, புதைக்கத்தான் வேண்டும். அவன் நோயில் செத்தான், கத்தியில் செத்தான் என்று யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் அவளைக் குற்றம் சொன்னதாகும், அதே வீட்டுக்குத் திரும்பி வருவாள். கட்டின காப்போடேயே வேப்பிலை போர்த்திப் புதைத்தார்கள். அன்றைக்கு மூடின வாய்தான். அந்த வீட்டில் ஆபரேஷன் என்ற சொல்லும் சந்திரமோகன் என்ற பேரும் பக்கத்தில் பக்கத்தில் வந்ததே கிடையாது.

ஆகவே டாக்டரிடம் பொய் சொன்னதாக அவருக்குத் தோன்றவே இல்லை. மருந்து ஒத்துக்கொள்ளாமல் யாருக்காவது ஆனதா என்று கேட்டாள். ஆகவில்லை. அம்மா கூட்டிக்கொண்டவன் இந்தக் கணக்கில் எங்கே வருகிறான்?

"சரி, நான் ஒன்னு கேக்கறேன், நீங்க சொல்லுங்க," என்றார். "மயக்கம் போட்டா இவன் தூங்குவானா, இல்ல செத்து செத்துப் பொழைப்பானா?"

ஷைனி சிரிக்கவில்லை. "தூக்கம்னு சொல்றோம். ஆனா தூக்கம் இல்ல ஐயா. தூங்குறப்போ உடம்பு தன் வேலைய தானே பாத்துக்கும். இதுல நாங்கதான் பாத்துக்கணும். மூச்சு நாங்கதான் குடுப்போம். உடம்பு சாப்பாட்டையும் காத்தையும் எரிச்சுத்தானே ஓடிட்டு இருக்கு? மயக்கத்துல அந்த எரியறது கொறஞ்சிடும். அதனால சூடும் எறங்கும். குளிர்ந்து போயிடக்கூடாதுன்னு வெதுவெதுன்னு காத்து ஊதற போர்வை போடுவோம்."

"அப்போ ஒலைய கொறச்சி வெக்கிற மாதிரி."

"ஆமா, அப்படி வெச்சுக்கலாம்."

"கொறச்ச ஒலைய திரும்ப ஏத்தறப்போதாம்மா பேஜாரு. எங்க ஆலைல உள்பூச்சு வெடிச்சு ரெண்டு பேரு போனாங்க."

"பதமா எழுப்புவோம் ஐயா. தினமும் பண்ற வேலைதான்."

"ஒலைக்காரனும் அதான் சொன்னான்," என்றார் குப்புராஜ்.

"மேடம், அவரு அப்டித்தான்," என்றான் ஜெகன். "சாமி வந்து வரம் குடுத்தாலும் எதுக்குக் குடுக்கறேன்னு கேப்பாரு."

தியேட்டருக்குக் கூட்டிப்போகப் பச்சை உடுப்பு மாட்டும்போது கயிற்றில் தகராறு வந்தது. நர்ஸ் கத்திரியோடு நின்றாள். உள்ளே கயிறு, நகை, செயின் எதுவும் கூடாது.

"அத்தத் தொட்டீன்னா கைய ஒடிச்சிருவேன்," என்றார் குப்புராஜ். "ஞாயித்துக்கெழம வேண்டுதல முடிக்கணும். அதுவரிக்கும் அவுக்கக்கூடாது."

"தாத்தா, எல்லாருக்கும் இதேதான் ரூல்ஸ். பூணூலா இருந்தாலும் எடுத்துத்தான் அனுப்புவோம், தாலியா இருந்தாலும் எடுத்துத்தான்."

"மத்தவங்கள எங்கிட்ட சொல்லாத. உள்ள கூட்டுக்கினு போறியே, பெரியபாளையத்தம்மாகிட்ட நீ பதில் சொல்லுவியா?"

"நைனா, நா கைய வெச்சிக்கினு கல்யாணம் பண்றதா, கயித்த வெச்சிக்கினு பண்றதா?" என்றான் ஜெகன். இடது கையை நர்ஸிடம் நீட்டினான். "வெட்டுங்க சிஸ்டர். அவரப் பாக்காதீங்க, என்னப் பாத்து வெட்டுங்க."

நறுக்கென்று கயிறு அறுந்தது. குணசுந்தரி அதைக் கீழே விழாமல் பிடித்து, பர்ஸில் வைத்துக்கொண்டாள். குப்புராஜ் மகனின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றார். தள்ளுக்கட்டில் நகர்ந்தது. "வந்து சண்டை போட்டுக்கலாம் நைனா," என்று ஜெகனின் குரல் கேட்டது. அதற்கும் திரும்பவில்லை.

ஜெகனோடு வேலை செய்கிற ஆசீர்வாதம் டீ வாங்கிக்கொண்டு வந்தான். ஒரு காலத்தில் குப்புராஜிடம் உலை வேலை கற்றவன், இப்போது தலை நரைத்துவிட்டது.

"குடிண்ணே. மொறைச்சிக்கினே இருந்தா எலும்பு சேராது."

"கயித்த வெட்டிட்டாண்டா."

"மருதாணி அழிஞ்சா புதுசா வெச்சிக்கறோம் இல்ல? ஞாயித்துக்கெழம புதுசு கட்டிக்கலாம். நானே ஆட்டோ எடுத்துக்கினு வரேன், பெரியபாளையத்துக்கு."

"ஒனக்கு இன்னாடா தெரியும். நீ மெழுகுவத்தி ஏத்தறவன்."

"ஆடி மாசம் உன் ஊட்டுக் கூழ மொதோ ஆளா வந்து குடிக்கறவனும் நாந்தான். அத்த மறந்துடாத."

குப்புராஜ் அதற்குக் கொஞ்சம் சிரித்தார். டீயை வாயில் வைத்தார். அதற்குள் தியேட்டர் கதவு படாரென்று திறந்தது. காலையில் கத்திரியோடு நின்ற அதே நர்ஸ். முகமூடி கழுத்தில் தொங்கியது.

"ஜெகன்கூட வந்தவங்க யாரு? ஐஸ் வேணும். எவ்ளோ கிடைச்சாலும் எடுத்துட்டு வாங்க. உடனே!"

"ஐஸா? எதுக்கு ஐஸு?"

"உடம்பு சூடு ஏறிட்டே போவுது. எங்ககிட்ட இருந்தது தீந்து போச்சு. ஓடுங்க தாத்தா, நின்னு கேக்காதீங்க!"

ஆசீர்வாதத்தின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து மார்க்கெட்டுக்குப் போனார் குப்புராஜ். லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக அடைத்துக்கொண்டு நின்றன. ஆசீர்வாதம் மண் ஓரத்தில் இறக்கி ஓட்டினான். இரும்புத் தூசி கண்ணில் அடித்தது. உடம்பு குளிர்ந்துவிடும், போர்வை போடுவோம் என்றாளே? போர்வை போடுகிறவள் எதற்கு ஐஸ் கேட்கிறாள்? அவருடைய தலைக்குள் இது ஒன்றே சுற்றியது.

மீன் கடையில் குப்பம்மாள் பழவேற்காட்டிலிருந்து வந்த கூடைகளைப் பிரித்துப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"ஐஸ் குடும்மா. இருக்கறது எல்லாத்தயும் குடு."

"ஐஸ ஒனக்குக் குடுத்துட்டு இந்த வவ்வா மீன நான் மடியில வெச்சி வெசிறிக்கினு இருக்கட்டுமா? போ பெருசு. சரக்குல போட்டுக்கவா?"

"எம் புள்ள ஆபரேஷன்ல கீறாம்மா. ஒடம்பு கொதிக்குதாம்."

அவள் கையிலிருந்த கத்தி நின்றது. மீன்களை அப்படியே சாக்கில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, தெர்மாகோல் பெட்டியில் ஐஸை இரண்டு கையாலும் வாரி வாரிப் போட்டாள். இன்னொரு பாளத்தைக் கட்டையால் உடைத்து அதன்மேல் அடுக்கினாள். "செதிலு ஒட்டிக்கினு கீது, அலசிக்கச் சொல்லு. போ, போ, நிக்காத," என்று முதுகில் தள்ளினாள். காசு என்ன ஏது என்று அப்போது ஒருத்தரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பெட்டியை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பினார். உருகின தண்ணீர் வேட்டியில் இறங்கித் தொடையெல்லாம் மரத்துப் போயிற்று.

தியேட்டர் வாசலில் பெட்டியை வாங்க ஒரு ஆள் கையை நீட்டினான். குப்புராஜ் கொடுக்கவில்லை, அவனை இடித்துக்கொண்டு நாலு அடி உள்ளே போய்விட்டார். யாரும் அவரைப் பார்க்கிற நிலையில் இல்லை. மேசையில் ஜெகன் கிடந்தான். வாயில் குழாய். அக்குளிலும் தொடை இடுக்கிலும் தண்ணீர்ப் பைகள். ஷைனி கையால் ஒரு பையை அமுக்கி அமுக்கிக் காற்றுக் கொடுத்துக்கொண்டே போனைத் தோளில் இடுக்கி யாரிடமோ கெஞ்சினாள். "டான்ட்ரோலின் ஊசி சார், டான்ட்ரோலின். எவ்ளோ இருந்தாலும் பரவாயில்ல... சிட்டில வேற யாருகிட்ட இருக்கும்?" துணிக்கு வெளியே ஜெகனின் பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. குப்புராஜ் ஐஸ் பட்டு மரத்த கையால் அந்தப் பாதத்தைத் தொட்டார்.

மரத்த கையிலும் சுட்டது. விரல்களைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை.

இந்தப் பாதத்தை அவர் முன்பே தொட்டிருக்கிறார். திருவள்ளூரிலிருந்து வந்த வேனில்.

"அம்மா," என்றார். "வந்துட்டியா?"

அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். குணசுந்தரி என்ன என்ன என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தாள். அவர் படியில் தடதடவென்று இறங்கினார். ஆஸ்பத்திரிச் சுற்றுச்சுவர் ஓரமாக ஒரு வேப்பமரம் இருந்தது. ஆலைப் புகை படிந்து இலை பச்சை தெரியாமல் சாம்பல் பூத்துக் கிடந்தது. எட்டின கொப்பையெல்லாம் ஒடித்தார். கை நிறைய இலையோடு திரும்பியவரை வாசல் செக்யூரிட்டி மறித்தான்.

"இன்னா பெருசு, ஆட்டுக்குத் தழையா? உள்ள எடுத்துக்கினு போவக்கூடாது."

"வழி வுடுடா. அவளுக்குப் போத்தணும். போத்துனா மலையேறிடுவா."

"யாருக்கு?"

குப்புராஜ் அவனைத் தள்ளினார். அவன் திருப்பித் தள்ளவில்லை, முகத்தைப் பார்த்து விலகிக்கொண்டான். ஆனால் இலையைப் பிடுங்கி வாசலிலேயே போட்டுவிட்டான். கடைசியாக ஒரு சின்னக் கொப்பு மட்டும் குப்புராஜின் கையில் தங்கியது.

மேலே வராண்டாவில் ஷைனி குணசுந்தரியின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டிருந்தாள். தொப்பி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது.

"உங்க குடும்பத்துல ஒருத்தர்கூட இப்படி ஆனது இல்லையா? ஆபரேஷன் டேபிள்ல? நல்லா யோசிங்க."

"எங்க சித்தப்பா," என்றாள் குணசுந்தரி. "நான் அப்போ சின்னப் பொண்ணு. ஆபரேஷனுக்குப் போயிட்டு பொணமாத்தான் வந்தாரு. அம்மா வந்து கூட்டிக்கினான்னு சொல்லுவாங்க. பேசக்கூடாதும்பாங்க."

"உடம்பு சூடா இருந்துதா?"

"நான் கால தொட்டேன் மேடம். சுட்டுது. அத்தோட நைனாவோட அம்மா, எங்க ஆயா, எங்கள கிட்ட வுடல."

ஷைனி கையை எடுத்தாள். படியேறி வந்த குப்புராஜைப் பார்த்தாள். "ஐயா, நான் கேட்டேனே. சித்தப்பான்னு பேரு சொல்லியே கேட்டேனே."

"அது வேற," என்றார் குப்புராஜ்.

"தெரிஞ்சிருந்தா அந்த மயக்க வாயுவையே குடுத்திருக்க மாட்டேன் ஐயா. ஊசிலயே மயக்கம் குடுக்க வேற மருந்து இருக்கு. அதுல இப்படி ஆகாது."

அவள் உள்ளே ஓடிவிட்டாள்.

ஷைனி போனில் கெஞ்சிக் கேட்ட, சூட்டை நிறுத்துகிற மருந்து வந்து சேரவில்லை. சென்னையில் ஒரு இடத்தில் கொஞ்சம் இருக்கிறது என்றார்கள், அதை வண்டியில் ஏற்றிவிட்டோம் என்றார்கள், வண்டி மாதவரத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள். குப்பம்மாளின் ஐஸ் தீர்ந்து ஆசீர்வாதம் மறுபடி போய் வந்தான். மூன்றாம் தரம் அவன் பெட்டியோடு படியேறி வந்தபோது கதவு மெதுவாகத் திறந்தது. மெதுவாகத் திறந்ததிலேயே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. குணசுந்தரி தரையில் விழுந்து அலறினாள். ஆசீர்வாதம் பெட்டியை இறக்கி வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றான். அதிலிருந்து தண்ணீர் அவன் காலடியில் சொட்டிச் சொட்டிக் குளமாயிற்று.

குப்புராஜ் அழவில்லை. "சத்தம் போட்டு அழாத குணா," என்றார். "அழக்கூடாது."

"நீ போ நைனா!" என்று கத்தினாள் அவள். "எந் தம்பிக்கு நான் அழுவேன்!"

கொஞ்ச நேரம் கழித்து ஷைனி அவர்களைக் கீழே ஒரு அறைக்குக் கூப்பிட்டாள். பெரிய டாக்டரும் வந்து நின்றார், இரண்டு வார்த்தை சொன்னார், போனார். ஷைனி மட்டும் உட்கார்ந்தாள். அவள் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"நான் சொல்றத கேக்கற நெலமையில நீங்க இல்ல. இருந்தாலும் சொல்லியாகணும். மயக்க வாயு குடுத்தா எல்லார் உடம்புலயும் எரியறது கொறையும்னு காலையில சொன்னேன். சில குடும்பத்துல மட்டும் அது தலைகீழா நடக்கும். அந்த வாயு பட்டதும் சதையெல்லாம் முறுக்கிக்கிட்டு எரிய ஆரம்பிச்சிடும். நிறுத்தத் தெரியாது. உள்ள இருக்கற சக்கரை, காத்து எல்லாத்தையும் எரிச்சு முடிச்சிட்டு சதையே கரைய ஆரம்பிக்கும். கடைசில இதயம் நின்னு போயிடும். சாதாரணமா இருக்கறப்போ ஒன்னும் தெரியாது. ஓடலாம், ஆடலாம், மூட்டை தூக்கலாம். அந்த வாயு படறவரைக்கும் தெரியாது. இது ரத்தத்துல வர்றது. உங்க தம்பிக்கு இருந்திருக்கு. மகனுக்கு வந்திருக்குன்னா உங்க வழியாத்தான் வந்திருக்கணும். இவங்களுக்கும் இருக்கலாம், இவங்க பசங்களுக்கும் இருக்கலாம். இனிமே எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மொதல்ல இதத்தான் சொல்லணும்."

"என் வழியா?" என்றார் குப்புராஜ்.

"உங்க தப்புன்னு சொல்லல ஐயா."

"உள்ள நடந்து போனவன். சிரிச்சிக்கினு போனவன். நீ எதையோ போட்ட, அவன் எரிஞ்சான். ஒலை தானா எரியுமா? யாராச்சும் கொளுத்தணும் இல்ல? கொளுத்தனது நீ. ரத்தம் என்னுதா?"

ஷைனி தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமா ஐயா. நாங்க குடுத்த வாயுதான். நான் இல்லன்னு சொல்லல. இத நிறுத்தற மருந்து இங்க கையில இருந்திருக்கணும். அதுவும் இல்ல. ஆனா நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"இன்னா சொல்றது? அவ கூட்டிக்கினு போனத உங்கிட்ட வந்து காய்ச்சலுன்னு சொல்லணுமா? அவ பேர கெடுக்கணுமா? இவன நல்லாத்தான் வெச்சிருந்தா. கயித்த வெட்டுனீங்க. வேண்டுதல் முடியறதுக்குள்ள வெட்டுனீங்க. எறங்கிட்டா. இதுல வாயு எங்க வந்துது, சக்கர எங்க வந்துது?"

குணசுந்தரி பர்ஸைத் திறந்தாள். மஞ்சள் கயிற்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். அழுது அழுது அவள் குரல் கட்டிப்போயிருந்தது.

"நைனா. சித்தப்பாவுக்கு யாரு கயித்த வெட்டுனாங்க?"

குப்புராஜ் கயிற்றைப் பார்த்தார்.

"நீதான சொல்லுவ, காப்போடயே பொதைச்சோமுன்னு. அவரு கையில கயிறு இருந்துது. அப்பறம் ஏன் அவரும் எரிஞ்சாரு?"

அந்த மணிக்கட்டின்மேல் முதல் கைப்பிடி மண்ணைப் போட்டவர் அவர்தான். மஞ்சள் அப்போதும் வெளுக்கவில்லை. அது நன்றாக நினைவிருந்தது. இவ்வளவு காலத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் ஒருத்தரும் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"அப்போ வேற எதனா கொற இருந்திருக்கும்," என்றார். "அவளுக்கு ஆயிரம் கொற."

"எனக்கும் ரெண்டு பசங்க கீது நைனா."

"கீது. அதுக்கு?"

"நீ ஒரு வாட்டி வாயத் தொறந்து சொல்லிட்டுப் போ. சித்தப்பாவுக்கு இன்னா ஆச்சு, மொதல்லருந்து. எனக்குப் பாதிதான் தெரியும். டாக்டரம்மா கேட்டுக்கட்டும்."

குப்புராஜ் எழுந்தார். வேட்டி இன்னும் ஈரம். மீன் வாடை அடித்தது. கையில் அந்தச் சின்ன வேப்பங்கொப்பு இருந்தது. எப்போது முதல் அதை அப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறார் என்று தெரியவில்லை. அதை மேசையில், கயிற்றுக்குப் பக்கத்தில் வைக்கப் போனவர், வைக்காமல் கையை இழுத்துக்கொண்டார்.

"நான் போயி குழி வெட்டச் சொல்லணும்," என்றார். "எரிக்க வேணாம். எரிஞ்சது போதும்."

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தார். பின்னால் குணசுந்தரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேச ஆரம்பித்தது கேட்டது. "எங்க சித்தப்பா பேரு சந்திரமோகன், மேடம். ஆபரேஷனுக்குப் போனவரு. நான் பாத்தத சொல்றேன்..." தம்பியின் பேரையும் ஆபரேஷன் என்ற சொல்லையும் ஒரே மூச்சில் கேட்டபோது குப்புராஜின் நடை ஒரு கணம் தடுமாறியது. ஆனால் நிற்கவில்லை.

வாசலில் தெர்மாகோல் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. வேப்பிலைகளை மிதித்து மிதித்து நடையெல்லாம் பச்சைக் கறை. ஆசீர்வாதம் "வாண்ணே, வண்டியில ஏறு" என்று கையைப் பிடித்தான். அவர் உதறினார்.

"ரத்தமாம், ரத்தம்," என்றார். "வந்து சொல்றாங்க."

சாலையில் கம்பி ஏற்றின லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவர் திரும்பிப் பார்க்காமல் தூசிக்குள் நடந்தார்.